பறவை பார்க்க என்று வாங்கிய பைனாகுலர்

பைனாகுலர் வாங்கி வரச் சொன்னது அப்பாதான். அதற்கு முன் இரண்டு வருடங்களாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

தஞ்சாவூரில் விலங்கியல் படித்து முடித்துவிட்டு, வேலை எதுவும் தேடாமல் ஊரோடு இருந்த காலம் அது. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் இருக்கிறது. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். அதற்கப்புறம் சேறும் உப்பளமும் கடலும்தான். ஐப்பசி மழை ஓய்ந்ததும் கோடியக்கரைப் பக்கம் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து இறங்கும். சைக்கிளில் போய் நாள் முழுக்கச் சேற்றோரம் நிற்பேன். வெறுங்கண்ணுக்கு அவை தூரத்தில் அசைகிற புள்ளிகள். ஒருமுறை கல்லூரி ஆசிரியர் ஒருவர் தன் பைனாகுலரை என் கையில் கொடுத்தார். ஒரு புள்ளி நீண்ட கால்களும் வளைந்த அலகும் கொண்ட பூநாரையாக மாறியதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று.

அப்பாவிடம் கேட்டபோதெல்லாம், கொக்கு பார்க்க வயலுக்குப் போனால் போதும், அதற்கு ஒரு கண்ணாடி வேண்டாம் என்றார். அந்த வருடம் சம்பா முற்றத் தொடங்கியிருந்த ஒரு காலையில் அவராகவே என்னைக் கூப்பிட்டு, "நாகப்பட்டினம் போயி அந்தத் தூரத்துக் கண்ணாடிய வாங்கிட்டு வா. நல்லதா பாத்து வாங்கு" என்றார்.

ஏன் மனம் மாறினார் என்று எனக்குத் தெரியாது என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். முதல் நாள் சாயங்காலம் எங்கள் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தரோடு அவர் பேசியதைக் கூடத்தில் உட்கார்ந்து முழுதும் கேட்டிருந்தேன்.

ஆட்சி மாறி இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அதுவரை கதர் கட்டிய அப்பா கரை வேட்டிக்கு மாறி, ஆளுங்கட்சிக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காரத் தொடங்கியிருந்தார். நில உச்சவரம்பு பற்றிப் பேச்சு எழுந்ததும் எங்கள் நிலத்தில் ஒரு பகுதி என் பேருக்கும், ஒரு பகுதி அத்தை பேருக்கும் மாறியது. மேடையில் என்ன மாறினாலும் வயலில் தகராறு ஓயவில்லை. வாய்க்காலுக்கு அந்தப்புறம் இருந்த தெருவில்தான் எங்கள் நிலத்தில் உழுது, நட்டு, அறுக்கிற குடும்பங்கள் எல்லாம் இருந்தன. அங்கே செங்கொடி ஏறியிருந்தது. அறுவடைக்குக் கூலி உயர்த்தாவிட்டால் கதிரில் கை வைக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். உயர்த்துவதில்லை, வெளியூரிலிருந்து ஆள் இறக்கிவிடலாம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். கொடிக்கம்பத்தடியில் யார் யார் கூடுகிறார்கள், யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் முன்கூட்டியே கவனித்துக்கொள்ளலாம் என்றார் காரியஸ்தர். அந்தப் பக்கம் ஆள் அனுப்பினால் தெரிந்துவிடும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரு தெரியும்; ஆனால் முகம் தெரியாது.

இதையெல்லாம் கேட்ட பிறகுதான் நான் பஸ் ஏறினேன்.

நாகப்பட்டினத்தில் கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு கடை இருந்தது. கடைக்காரருக்கு அப்போது முப்பது வயதிருக்கலாம். அவருடைய மச்சான்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருந்தார்கள். அவர்கள் கப்பலில் அனுப்புகிற ரேடியோ, டார்ச் லைட், பேனா, கைலி, தைலம் எல்லாம் அந்தச் சின்னக் கடையில் கிடைக்கும். பைனாகுலர் வேண்டும் என்றதும் அவர் உள்ளே போய் மூன்றை எடுத்து வந்து, கண்ணாடிப் பெட்டியின் மேல் துணி விரித்து வைத்தார்.

"எதுக்குங்க தம்பி? அதச் சொன்னாத்தான் எதுன்னு நான் சொல்ல முடியும்."

"பறவை பாக்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை அவரிடம் பைனாகுலர் வாங்கியவர்கள் எல்லாம் படகுக்காரர்களும் கப்பல்காரர்களும்தானாம். மூன்றின் மேலும் இருந்த எண்களைக் காட்டி விளக்கினார். முதல் எண் எத்தனை மடங்கு கிட்டத்தில் கொண்டுவரும் என்பது. இரண்டாவது, முன்னால் இருக்கும் கண்ணாடியின் அகலம். ஏழும் ஐம்பதும் போட்டது கப்பலுக்கு ஆனது. விடியற்காலை மங்கலிலும் பளிச்சென்று காட்டும், ஆனால் கழுத்தில் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். எட்டும் முப்பதும் போட்டது சின்னது, லேசானது. சுற்றுவட்டாரம் அகலமாகத் தெரியும், ஓடுகிற பறவையைத் தவறவிடாமல் பிடிக்கலாம். மூன்றாவது பத்தும் ஐம்பதும்.

"அது ரொம்பக் கிட்ட கொண்டுவரும். ஆனா ஒங்க கை ஆடுற ஆட்டத்தையும் பத்து மடங்காக் காட்டும். சொவத்துல முழங்கைய ஊணிக்கிட்டுத்தான் பாக்கணும். வட்டம் வேற சின்னது. பாக்குற ஆள் தெரியுவான், பக்கத்துல நிக்கிறவன் தெரிய மாட்டான்."

மூன்றையும் எடுத்துக்கொண்டு என்னை மாடிக்குக் கூட்டிப் போனார். எப்படிச் சோதிக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா பார்க்க வேண்டும். கடல் காற்று படுகிற ஊரில் அதுதான் முதல் எதிரி. பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவு வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் இடது கண்ணை மூடிக்கொண்டு வலப்புறக் குழாயின் வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்தால் இரண்டு வட்டமும் ஒன்றாகிவிட வேண்டும். ஆகாவிட்டால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்கக் கூடாது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இறக்கும்போது நெற்றிப்பொட்டு வலித்தாலும் அது ஆகாது.

எட்டு மடங்கில் பார்த்தேன். துறைமுகத்துப் படகுகள், கொடிமரங்கள், மேலே சுற்றுகிற பருந்துகள் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் அமைதியாக இருந்தன. ஆலா என்கிற கடற்பறவை ஒன்று சரேலென்று இறங்கி மீனைக் கவ்வி ஏறியதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பின்தொடர முடிந்தது. எனக்கு உரியது அதுதான் என்று கையிலெடுத்த உடனேயே தெரிந்துவிட்டது. பிறகு பத்து மடங்கை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றினேன். தூரத்தில் ஒரு படகில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆளின் முகம் தெரிந்தது. அவர் மீசையில் நரை இருந்தது. யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தார். பல்லில் வெற்றிலைக் கறை தெரிந்தது.

"இத எடுத்துக்குறேன், பாய்" என்றேன்.

அவர் எட்டு மடங்கை மறுபடி என் பக்கம் நீட்டினார். பறவைக்கு எட்டுதான் சரி, சைக்கிளில் போகிறேன் என்கிறீர்கள், இந்தக் கனம் ஆகாது, வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை என்றெல்லாம் எடுத்துச் சொன்னார். நான் பிடிவாதமாக இருந்தேன். கடைசியில் உறையில் போட்டு வாரை மாட்டிக் கொடுக்கும்போது, குரலை உயர்த்தாமல், "இது ஆளப் பாக்குற சாமான், தம்பி" என்றார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, பூநாரைகளை இதிலும் பார்க்கலாம்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வந்தேன்.

அப்பாவின் இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. மாடியில் நின்று எவ்வளவு திருப்பினாலும் அவருக்கு இரண்டு வட்டமும் ஒன்றாகவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லி, "நீயே பாத்துச் சொல்லு" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னை அடிக்கப் போவதில்லை, வீட்டை விட்டுத் துரத்தப் போவதுமில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான்.

முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டேன். கொடிக்கம்பத்தடியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முகமாகச் சொன்னேன். எல்லாரையும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். காரியஸ்தர் பக்கத்தில் நின்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நடுவில் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தவனைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினேன். பிறகு அவன் பேரையும் சொன்னேன்.

என் வயதுதான் அவனுக்கும். அன்றைக்கு நான் அவனை "அவன்" என்றுதான் சொல்வேன். அவன் என்னைச் "சின்னய்யா" என்பான். எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் கட்டுகிற வேலை அவனுடையது. வாய்க்கால் கரையோடு நடக்கும்போது சில சமயம் என்னோடு சேர்ந்துகொள்வான். நான் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடும் உள்ளான் குருவியை அவன் வெறுங்கண்ணால் கண்டுபிடித்து, அது அசைகிற திசையில் தாடையைத் திருப்பிக் காட்டுவான். பைனாகுலர் என்ற ஒன்று இருக்கிறது, வாங்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது, வந்ததும் தனக்கும் ஒரு தடவை காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தான். சரி என்றிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் எனக்கு அது பிடித்திருந்தது. முதல் நாள் கூசியது. மூன்றாம் நாள் யாரும் சொல்லாமலே மாடிக்குப் போனேன். யார் வீட்டில் யார் சண்டை, யார் குழந்தைக்கு உடம்புக்கு முடியவில்லை, எந்த வீட்டுக் கூரையில் ஓட்டை என்று எனக்கு எல்லாம் தெரிந்தது. சத்தமே இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தெரு முழுக்க வாழ்ந்துகொண்டிருந்தது. நான் பார்ப்பது அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன். அந்தப் பருவம் முழுக்க நான் ஒரே ஒரு தடவைதான் கோடியக்கரை போனேன்.

நான் பேர் சொன்ன குடும்பங்களுக்கு வேலை இல்லை என்று அப்பா அறிவித்தார். தை பாதியில் வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். தெருக்காரர்கள் மதகடியில் மறித்தார்கள். போலீஸ் வந்து நின்றதும் விலகினார்கள். அறுப்பு நடந்தது. தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அதையும் நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

அறுப்பு முடிகிற சமயம், ஒரு மத்தியானம் களத்தில் வைக்கோல் போர் தீப்பிடித்தது.

நான் அப்போது மாடியில்தான் இருந்தேன். முதலில் பார்த்தது புகை. உடனே பைனாகுலரை எடுத்தேன். வாய்க்கால் பக்கத்திலிருந்து அவன் ஓடி வருவது தெரிந்தது. அவன் மேல்துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. போரின் ஓரத்தில் குனிந்து, அந்த ஈரத்துண்டால் அடித்தான். திரும்பி ஓடித் துண்டை நனைத்துக்கொண்டு வந்தான். மறுபடி அடித்தான். காற்று பலமாக இருந்தது. சுவாலை உயர்ந்ததும் பின்னால் நகர்ந்து, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, கையை மேலே தூக்கி ஆட்டினான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அந்த வட்டத்துக்குள் அவன் நேராக என்னைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. நான் பைனாகுலரை இறக்கினேன். வெறுங்கண்ணுக்கு முழுக் களமும் தெரிந்தது. போருக்குச் சற்றுத் தள்ளி வெளியூர் ஆட்கள் மூட்டியிருந்த கஞ்சி அடுப்பு இருந்தது. அடுப்பிலிருந்து போர்வரை தரை கருகிக் கிடந்தது.

கீழே இறங்கி ஓடி, தீ தீ என்று கத்தினேன். ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் போர் முழுக்க எரிந்துவிட்டது.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கூடத்தில் அப்பா, காரியஸ்தர், இரண்டு போலீஸ்காரர்கள், நான். களத்தில் யாரையாவது பார்த்தீர்களா என்று இன்ஸ்பெக்டர் பொதுவாகக் கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீதான மாடியில இருந்த. யாரு அங்க நின்னது?"

அவன் பேரைச் சொன்னேன்.

"என்ன செஞ்சிட்டு இருந்தான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை, நம்பிக்கையாக. "போர் ஓரத்துல குனிஞ்சிட்டு இருந்தான். அப்புறம் கையத் தூக்கி யாரையோ கூப்புட்டான்" என்றேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஈரத்துண்டைச் சொல்லவில்லை. அடுப்பைச் சொல்லவில்லை. முதலில் புகை, பிறகுதான் அவன் என்பதைச் சொல்லவில்லை. சாயங்காலமே அவனைக் கூட்டிப்போய்விட்டார்கள்.

ஜாமீன் எடுக்க அந்தத் தெருவில் யாருக்கும் சொத்து இல்லை. வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக இழுத்து, குறுவை நடவு நேரத்தில் விசாரணைக்கு வந்தது. கூண்டில் ஏறி, கூடத்தில் சொன்ன அதே இரண்டு வாக்கியங்களைச் சொன்னேன். செங்கொடிச் சங்கத்தின் சார்பில் அவனுக்காக வந்த வக்கீல் வயதானவர், குரல் எழும்பவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து முகம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். பைனாகுலரில் பார்த்தேன் என்றேன். அதை எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டார்.

"பறவை பாக்க."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. குற்றவாளிக் கூண்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வக்கீல் மேற்கொண்டு, களத்தில் வேறு என்ன பார்த்தீர்கள் என்றார். கண்ணாடியின் வட்டம் சிறியது, அதற்குள் தெரிந்ததை மட்டும்தான் சொல்ல முடியும் என்றேன். நாகப்பட்டினத்துக் கடைக்காரர் நேர்மையாகச் சொன்ன ஒரு குறையை நான் இப்படிப் பயன்படுத்திக்கொண்டேன்.

அவனுக்கு ஒரு வருடம் தண்டனை கிடைத்தது. அவன் உள்ளே இருக்கும்போது அவன் குடிசையை அப்பாவின் ஆட்கள் பிரித்துப்போட்டார்கள். மனைவி கைக்குழந்தையோடு வேதாரண்யம் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். விடுதலையான பிறகு அவனும் ஊருக்குத் திரும்பவில்லை.

நான் திருத்துறைப்பூண்டியில் பள்ளி ஆசிரியர் ஆனேன். கல்யாணம் ஆயிற்று. பைனாகுலரைத் தூக்கிப் போட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். போடவில்லை. ஒவ்வொரு மார்கழியிலும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோடியக்கரைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

ஆறேழு வருடங்களுக்குப் பிறகு வேதாரண்யத்து உப்பளங்களின் ஓரம் நின்று, ஆழமில்லாத தண்ணீரில் நின்ற பூநாரைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் நகர நகர நானும் பைனாகுலரைத் திருப்பினேன். வட்டத்துக்குள் உப்பு வாருகிற ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர் நிமிர்ந்து முகத்தைத் துடைத்தார். எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் கட்டிய அவர்தான். கண்ணைச் சுற்றி வெந்து கறுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. பாதங்களில் ரப்பர் டயரை வெட்டிக் கட்டியிருந்தார். நான் கைதவறியது போல பைனாகுலரை இறக்கினேன். அவர் இருந்த இடத்துக்கு வரப்பு வழியாகப் பத்து நிமிட நடைதான். சைக்கிளைத் திருப்பி மிதித்து ஊர் வந்து சேர்ந்தேன். மனைவி ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டாள். வெயில் என்றேன்.

அடுத்த வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. அதற்கும் அடுத்த வருடம் அப்பா இறந்தார். காரியங்கள் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைனாகுலரை எடுக்காமல், சட்டைப்பையில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் உப்பளத்துக்குப் போனேன்.

அவர் என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிட்டார். வேலையை நிறுத்தி, வாருபலகையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். "வாங்க" என்றார். சின்னய்யா என்று சொல்லவில்லை. நானும் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை "நீங்க" என்றேன். அந்தச் சொல் வாயில் வர எனக்கு இத்தனை வருடமும் ஒரு சிறைத் தண்டனையும் தேவைப்பட்டிருக்கிறது.

எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அடுப்பையும் பார்த்தேன், ஈரத்துண்டையும் பார்த்தேன், சொல்லவில்லை என்றேன். அழ மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன், அழவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, ஊர்க்கதை பேசுவது போன்ற குரலில் சொன்னார்:

"நீங்க பாக்குறது எங்களுக்குத் தெரியும்ங்க. வெயில் பட்டா அந்தக் கண்ணாடி மாடியில மின்னும். எங்க தெருப் பொம்பளைங்க கொல்லைப் பக்கம் போறதுன்னாக்கூட அந்த மின்னல் அணைஞ்ச பின்னாடிதான் போவாங்க. சின்னப் புள்ளைங்கதான் பாத்துச் சொல்லும், மின்னுதா இல்லியான்னு."

அவர் பலகையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"அன்னைக்கும் மின்னுச்சு. அதுனாலதான் ஒங்க வீட்டப் பாத்துக் கையத் தூக்குனேன். நீங்க பாக்குறீங்க, ஆள அனுப்புவீங்கன்னு நெனச்சேன். வேற யாரையும் கூப்புடலீங்க. ஒங்களத்தான் கூப்புட்டேன்."

கோர்ட்டில் அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வக்கீலிடம் சொன்னாராம். நம்ப மாட்டார்கள், விட்டுவிடு என்று அவர் சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உப்பு ஏற்ற லாரி வந்தது. மேஸ்திரி குரல் கொடுத்தார். அவர் பலகையை எடுத்துக்கொண்டார். மன்னித்தேன் என்றோ மன்னிக்க மாட்டேன் என்றோ சொல்லவில்லை. நான் கிளம்பும்போது, வரப்பு வழுக்கும், பார்த்துப் போகச் சொன்னார். என்னிடம் அப்படி நடந்துகொண்ட ஒருவனுக்கு நான் அதைக்கூடச் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. தொழிலாளர்கள் குடியிருக்கும் மனைகளுக்குப் பட்டா கொடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. எங்கள் ஊர்த் தெருவிலும் எல்லாருக்கும் கிடைத்தது. அவர் மனை காலியாகக் கிடந்ததால் அவருக்கு இல்லை. அந்த மனை எங்கள் பட்டாவில்தான் இருந்தது. என் சம்மதம் இருந்தால் வேலை எளிது என்றார்கள். தாலுகா ஆபீஸுக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். அவர் ஊரை விட்டுப் போன காரணத்தை விவரமாக எழுதியிருந்தேன். களத்துத் தீயைப் பற்றி நான் முழு உண்மையைச் சொல்லாததால் அவர் தண்டிக்கப்பட்டார், அதனால் மனையை இழந்தார் என்று பச்சையாக எழுதியிருந்தேன். முதல் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதிய வரி அது.

குமாஸ்தா நல்ல மனிதர். படித்துவிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இதை இப்படியே மேலே அனுப்பினால் பழைய வழக்கு, சாட்சி, விசாரணை என்று கிளம்பும், பட்டா கிடைக்காமலே நின்றுபோகும் என்றார். "வாத்தியார் வேலையில இருக்கீங்க. எதுக்கு சார் இந்த வரி? வேற மாதிரி எழுதிடுங்களேன்."

பட்டா நின்றுபோகக் கூடாது என்பதற்காகத்தான் மாற்றினேன் என்று அன்றைக்கு நினைத்தேன். வேலை என்ற சொல் காதில் விழுந்த உடனேயே பழைய மனுவை அவர் மேஜையிலிருந்து நானே திரும்ப எடுத்துக்கொண்டதும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் கொடுத்த வெள்ளைத்தாளில், அங்கேயே, அவர் பேனாவால் புது மனு எழுதினேன்.

மூன்று மாதத்தில் பட்டா வந்தது. நானே கொண்டுபோய் உப்பளத்தில் கொடுத்தேன். அவர் வாங்கி, படிக்கத் தெரிந்த மகளிடம் நீட்டினார். அவர் ஊருக்குத் திரும்பவில்லை. தங்கை குடும்பம் அந்த மனையில் கூரை போட்டு, பிறகு ஓடு போட்டு, இப்போது காரை வீடாகக் கட்டியிருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது அவர்கள் என்னை வாங்க சார் என்று கூப்பிடுகிறார்கள்; தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்கிறேன்.

மனுவின் நகல் என் பெட்டியில் இருக்கிறது. "மேற்படியார் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றுவிட்டபடியால்" என்று அதில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான்.